திறனைக் கூட்டுவதா, இரைச்சலைக் குறைப்பதா? பாளையங்கோட்டையிலிருந்து 40 மீட்டர் அலைவரிசையில்

#1 பொருநை_அலை (பாளையங்கோட்டை)

அன்பர்களுக்கு வணக்கம். அமெச்சூர் வானொலியில் தொடக்கநிலையான கட்டுப்படுத்தப்பட்ட நிலை உரிமம் பெற்று, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) வந்து ஓராண்டு நிறைகிறது. இதுவரை கைகூடியதையும், இப்போது மேலே போக வழி தெரியாமல் நிற்கும் இடத்தையும் எழுதுகிறேன். பெரியவர்கள் படித்துவிட்டு வழி சொல்ல வேண்டும்.

நான் வைத்திருப்பது ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்து 2017 இறுதியில் வெளிவந்த மைக்ரோபிட்எக்ஸ் என்ற பேசவும் கேட்கவும் உதவும் வானொலிப் பெட்டி. 40 மீட்டரில் சுமார் 10 வாட் தருகிறது. சுற்றுப்படம் முழுவதும் வெளிப்படையாகக் கிடைக்கிறது என்பதும், ஒரு டிரான்சிஸ்டர் போய்விட்டால் நானே கழற்றி மாற்றிவிடலாம் என்பதும்தான் அதைத் தேர்ந்ததற்குக் காரணம். (அவர் முன்னர் வடிவமைத்த பிட்எக்ஸில், சுருள் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய் வாஷரே போதும் என்று காட்டியிருந்தார். அந்த ஒன்றுக்காகவே அவருடைய பெட்டியை வாங்கலாம்.)

ஆன்டெனா சாதாரண டைபோல், நடுவில் ஊட்டப்படும் இரண்டு கைக் கம்பி. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கும் கணக்கின்படி 7.1-க்கு 20 மீட்டரும் சற்றும் வந்தது. ஒவ்வொரு கையும் பத்து மீட்டருக்குச் சற்று அதிகம். மொட்டை மாடியில் இரண்டு ஜி.ஐ. குழாய்களை நட்டு, தரையிலிருந்து 8 மீட்டர் உயரத்தில் கட்டியிருக்கிறேன். பெட்டிக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் எஸ்.டபிள்யு.ஆர். 1.4-ல் நிற்கிறது (1 என்றால் முழுப் பொருத்தம்).

காலை வேளைகளில் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், சென்னை ஆகிய இடங்களிலிருந்து பேசுபவர்கள் கேட்கிறார்கள். பலரோடு பேசியும் இருக்கிறேன். ஆனால் நான் அழைக்கும் பலருக்கு என் குரல் எட்டுவதில்லை. எட்டியவர்களில் சிலர் பதில் சொல்லும்போது அது எனக்கு இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகிறது. நண்பகலில் பேண்டே செத்துவிடுகிறது. அந்தி கழிந்ததும் குரல்கள் நடுங்குகின்றன.

என் உரிமத்திற்கு 50 வாட் வரை அனுமதி உண்டு. எனவே 50 வாட் பெருக்கி ஒன்றைக் கட்டிவிடலாம் என்று பாகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செய்யலாமா?


#2 நொய்யல்_மூத்தோன் (கோயம்புத்தூர்)

தம்பிக்கு வணக்கம். பெருக்கி கட்டுவது நல்ல வேலை, கை பழகும். ஆனால் கட்டுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுங்கள். 10 வாட்டை 50 வாட்டாக்கினால் கிடைப்பது 7 டெசிபெல். வந்து சேரும் அலையின் வலுவைக் குறிக்கும் எஸ் அளவுகோலில் ஒரு படி என்பது 6 டெசிபெல் என்பதால், உங்களை எஸ் 4-ல் கேட்டுக்கொண்டிருந்தவர் இனி எஸ் 5-க்குக் கொஞ்சம் மேலே கேட்பார், அவ்வளவுதான். இதற்காக நீங்கள் மின்னூட்டி, வெப்பத் தகடு, வடிகட்டி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி, பதில் சொல்பவரின் குரல் இரைச்சலுக்குள் மூழ்குகிறது என்பது. அதைப் பெருக்கி தீர்க்காது. உங்கள் வீட்டில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். மைக்ரோபிட்எக்ஸில் எஸ் மீட்டர் இல்லையே என்று நினைக்க வேண்டாம். உங்களிடம் இருப்பது கூடுதல் பலகை எதுவும் சேர்க்காத பெட்டி என்றால், அதில் தானாக ஒலியைச் சமன்செய்யும் ஏ.ஜி.சி. சுற்றும் இருக்காது. மற்ற நேரத்தில் அது குறை. அளப்பதற்கு அதுவே வசதி. ஒலிக்குமிழை ஓரிடத்தில் வைத்துவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. மில்லிவோல்ட்டில் பொருத்துங்கள். காட்டும் எண் பாதியானால் இரைச்சல் 6 டெசிபெல் குறைந்தது. பத்தில் ஒன்றானால் 20 டெசிபெல். மலிவான மீட்டர் இந்த ஒலி அலைவெண்களில் துல்லியமாகக் காட்டாது என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

பிறகு பெட்டியை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி அளங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தொலைக்காட்சித் தொடர் ஓடும் நேரத்தில் இந்த ஆராய்ச்சியைச் செய்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.


#3 பண்ணைக்கடல் (யாழ்ப்பாணம்)

வணக்கம். நான் 4 எஸ் 7 காரன், அதாவது இலங்கை அழைப்புக்குறி. உங்கள் பக்கத்து 40 மீட்டர் நிலையங்கள் காலை ஏழரை மணிக்கு மேல் இங்கே நன்றாகவே விழுகின்றன. பாளையங்கோட்டை எனக்குச் சுமார் 270 கிலோமீட்டர்.

உங்கள் டைபோலின் உயரத்தைக் குறை சொல்லப் பலர் வருவார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். 8 மீட்டர் என்பது இந்த அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த உயரத்தில் டைபோல் தன் ஆற்றலின் பெரும்பகுதியை நேர் மேலே அனுப்புகிறது. சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனிப்படலத்தில் பட்டு, எனக்கு வந்து சேர வேண்டிய அலை ஏறத்தாழ 65 பாகைச் சாய்வில் எழும்ப வேண்டும். ஆக, ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டருக்குள் பேச உங்கள் ஆன்டெனா இருக்கும் உயரமே பொருத்தமானது. ஐரோப்பாவையோ சப்பானையோ எட்ட வேண்டுமென்றால் அலை அடிவானத்தை ஒட்டிப் போக வேண்டும். அதற்கு இந்த உயரம் போதாது. எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யாமல் யாராலும் வழி சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். விடியலுக்கு முன்பு அயனிப்படலம் மெலிந்து, நேர் மேலே போகும் 7 மெகாஹெர்ட்ஸ் அலையைத் திருப்பி அனுப்ப முடியாமல் போகும் நாட்கள் உண்டு. அப்போது பக்கத்தில் உள்ளவர்கள் மறைந்து தொலைவில் உள்ளவர்கள் மட்டும் கேட்பார்கள். அதைக் கண்டு ஆன்டெனா அறுந்துவிட்டது என்று மாடியேற வேண்டாம்.


#4 பொருநை_அலை (பாளையங்கோட்டை)

ஐயா சொன்னபடியே அளந்தேன். பெட்டி எந்த மாற்றமும் செய்யாததுதான். வழக்கமான மாலை நேரத்தில் மீட்டர் 400 மில்லிவோல்ட் காட்டியது. வீட்டு மெயினை அணைத்தவுடன் 140-க்கு இறங்கியது. அதாவது 9 டெசிபெல் இரைச்சலை நானே வீட்டுக்குள் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். மெயினைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்ததில் பெரிய குற்றவாளிகள் மூன்று பேர் அகப்பட்டார்கள்: செட்டாப் பெட்டியின் அடாப்டர், படிக்கட்டில் உள்ள மலிவு விலை எல்.இ.டி. விளக்கு, பிறகு மடிக்கணினி சார்ஜர். மூன்றாவது எனக்கு அதிர்ச்சி, ஏனென்றால் பதிவேட்டை அந்த மடிக்கணினியில்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய செய்தி அடுத்த வாரம் கிடைத்தது. எங்கள் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குத் தெரு முழுவதும் மின்சாரத்தை நிறுத்தினார்கள். பேட்டரியில் பெட்டியைப் போட்டால் மீட்டர் 36-க்கு வந்து நின்றது. கிட்டத்தட்ட 21 டெசிபெல். ஓராண்டாக நான் கேட்டுக்கொண்டிருந்த பேண்டு இதுவல்ல. ஹைதராபாத் நிலையம் ஒன்று பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிவாக இருந்தது. தெருவில் மற்ற எல்லோரும் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் மட்டும், மாலை ஐந்து மணிக்கு முன் மின்சாரம் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஆக, மீதி 12 டெசிபெல் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வருகிறது. அடுத்த வீட்டுக் கூரையில் சூரியத் தகடுகளும் அதற்கான இன்வெர்ட்டரும் இருக்கின்றன. வெயில் ஏற ஏற ஒருவித ரீங்காரம் ஏறுவதைக் கேட்கிறேன். அவர்களிடம் போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.


#5 குமரிமுனை_ஆசிரியர் (நாகர்கோவில்)

இன்வெர்ட்டரைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். முதல் பதிவில் கேட்ட நண்பகல் மறைவுக்கும் மாலை நடுக்கத்திற்கும் விடை சொல்கிறேன். இந்த இரண்டும் உங்கள் கருவியின் குறையல்ல; பார்க்கப்போனால் நீங்கள் வாழும் இடத்தின் சிறப்பு.

பகலில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உருவாகும் டி படலம் அலையைத் திருப்புவதில்லை, உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சுதல் அலைவெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், 7 மெகாஹெர்ட்ஸில் படும் பாட்டில் கால்பங்குதான் 14 மெகாஹெர்ட்ஸில் இருக்கும். சூரியன் உச்சியில் நிற்கும் நம் ஊரில், அதுவும் சூரியனின் செயல்பாடு ஏறி இறங்கும் சுழற்சிகளில் 25-ஆவது உச்சத்தை எட்டியுள்ளதாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டதை ஒட்டிய ஆண்டுகளில், நண்பகலில் 40 மீட்டர் அடங்கிப்போவது இயல்பு. அந்த நேரத்தில் 20 மீட்டருக்கோ 10 மீட்டருக்கோ போய்விடுங்கள்.

மாலை நடுக்கத்தின் கதை இன்னும் சுவையானது. புவியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையைக் கடந்து செல்கிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததற்கும், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்கும் அதுவே காரணம். காந்த நடுக்கோட்டுக்கு மேலே உள்ள அயனிகள் பகலில் மேலே தூக்கப்பட்டு வடக்கிலும் தெற்கிலும் போய் இறங்குகின்றன. சூரியன் மறைந்ததும் அடிப்பகுதி விரைவாகக் கரைந்துபோக, மேலே இருப்பது நிலைகுலைந்து குமிழிகள் எழும்புகின்றன. அந்தக் கரடுமுரடான பரப்பில் பட்டுத் திரும்பும் அலை பல வழிகளில் வந்து சேர்வதால் குரல் நடுங்குகிறது. உலகின் பல ஆய்வாளர்கள் இதைப் பார்க்க விமானம் ஏறி வருகிறார்கள். நீங்கள் மொட்டை மாடிக்கு ஏறினால் போதும். நாளும் நேரமும் குறித்து எழுதி வையுங்கள். சம இரவு நாட்களை ஒட்டிய மாதங்களில் இது கூடுவதை ஓரிரு ஆண்டுகளில் நீங்களே காண்பீர்கள்.


#6 சேர்வராயன் (சேலம்)

மூத்தவர் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும். இரைச்சலைக் குறைத்தால் நீங்கள் மற்றவரைக் கேட்பது மேம்படும். மற்றவர் உங்களைக் கேட்பது ஒரு துளியும் மேம்படாது. சேலத்தில் என் வீட்டைச் சுற்றித் தறிகளும் பட்டறைகளும் இருக்கின்றன. என்னிடம் இரைச்சல் எப்போதும் எஸ் 7. நீங்கள் பாளையங்கோட்டையில் எவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருந்தாலும், 10 வாட்டில் நீங்கள் எஸ் 6-ல் வந்தால் எனக்கு நீங்கள் இல்லை. 50 வாட்டில் எஸ் 7-க்குக் கொஞ்சம் மேலே தலையைத் தூக்குவீர்கள், நானும் பதில் சொல்வேன். ஏழு டெசிபெல் அவ்வளவுதானா என்று கேட்பது சுலபம். பேச்சு புரிவதற்கும் புரியாமல் போவதற்கும் நடுவில் பெரும்பாலும் அந்த ஏழுதான் நிற்கிறது.

பதில் வராமல் சோர்ந்து பெட்டியை மூடி வைத்துவிட்டுப் போன வி.யு.3 நண்பர்கள் எனக்குத் தெரிந்தே பலர். குறைதிறன் ஓர் அழகு என்று அவர்களுக்கு உபதேசம் செய்தவர்கள் எல்லோரும் தங்கள் மேசையில் 100 வாட் கருவி வைத்திருந்தார்கள்.


#7 லயன்_ஊர் (சிங்கப்பூர்)

சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் படிக்கையில் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. மொட்டை மாடி, ஜி.ஐ. குழாய், 20 மீட்டர் கம்பி எல்லாம் எங்களுக்குக் கனவு. சன்னலோரம் ஒரு மீட்டர் விட்டமுள்ள காந்த வளைய ஆன்டெனாவை வைத்துக்கொண்டு, 10 வாட்டில், கணினி வழியே குறுஞ்செய்தி பரிமாறும் எஃப்.டி.8 முறையில் ஐரோப்பா வரை தொடர்பு கொள்கிறேன். பல்சார்கள் பற்றிய ஆய்வுக்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்க் என்பவரோடு சேர்ந்து 2017-இல் வெளியிட்ட முறை இது. 15 விநாடிகள் அனுப்புவது, 15 விநாடிகள் கேட்பது. 50 ஹெர்ட்ஸ் அகலம் போதும். காதுக்கே எட்டாத, இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே கிடக்கும் சமிக்ஞையையும் கணினி படித்துவிடுகிறது. கணினியின் கடிகாரம் மட்டும் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும்.

நீங்கள் இருவரும் ஏழு டெசிபெலுக்குச் சண்டையிடுகிறீர்கள். ஒரு யு.எஸ்.பி. ஒலி அட்டையைச் செருகினால் இந்தச் சண்டையே தேவையில்லை.


#8 நொய்யல்_மூத்தோன் (கோயம்புத்தூர்)

சேலத்து நண்பர் சொல்வது முழுக்கச் சரி. நான் சொன்னதில் அது விடுபட்டிருந்தது. அனுப்பும் திசையும் பெறும் திசையும் வேறுவேறு கணக்குகள். ஆனால் அந்த நியாயத்தை இன்னும் ஓரடி கொண்டுபோவோம். இரண்டு பக்கமும் இரைச்சல் இருக்கும் நாட்டில், இரு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் பயன்தரும் வழி எது? பெருக்கி ஒரு பக்கத்துக்கு உதவுகிறது, இரைச்சல் ஒழிப்பு மறுபக்கத்துக்கு உதவுகிறது. இரண்டுக்கும் உதவுவது ஆன்டெனாவும், அலையின் அகலமும்.

குரலுக்கு 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸுக்கு 200 ஹெர்ட்ஸ் வடிகட்டி போதும். பன்னிரண்டில் ஒரு பங்கு அகலம் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு இரைச்சல். கிட்டத்தட்ட 11 டெசிபெல். பெருக்கி தரும் ஏழைவிட அதிகம், அதுவும் இரு பக்கமும். மின்னூட்டியை மாற்ற வேண்டாம். காதும் மணிக்கட்டும் மட்டும் பழக வேண்டும். சிங்கப்பூர் நண்பரின் எஃப்.டி.8-உம் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது, இன்னும் கடுமையாக. அதை நான் குறைத்துப் பேசவில்லை. அலை எந்தத் திசையில் எப்போது திறக்கிறது என்று அறிய அதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆனால் அதில் அழைப்புக்குறியும் இடமும் சமிக்ஞை அளவும் போய்ச் சேர்ந்தவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது.

2004 டிசம்பரில், தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானிலிருந்து அலைவரிசைக்கு வந்திருந்தது. தீவுகளிலிருந்து அமெச்சூர் வானொலி கேட்பதே அரிது என்பதால் உலகம் முழுவதும் அவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி கடல் பொங்கிய பிறகு, போர்ட் பிளேரிலிருந்த அதே நிலையம் உறவினரைத் தேடுவோருக்கும் நிர்வாகத்துக்கும் செய்தி கடத்தும் நிலையமாக மாறியது. பெயர், ஊர், உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்ற விவரங்களை மனிதர் மனிதருக்குச் சொல்லியாக வேண்டிய நேரம் அது. அதனால்தான் குரலையோ மோர்ஸையோ விட்டுவிடும்படி ஒரு புதியவருக்கு நான் சொல்லமாட்டேன்.

தம்பி, நீங்கள் அடுத்த படியான பொது நிலை உரிமத்துக்கு எழுதப்போகிறீர்களா? அதற்கு மோர்ஸ் எப்படியும் வேண்டும், நிமிடத்துக்கு 8 சொல்.


#9 வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

எல்லோருக்கும் வணக்கம். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இன்னும் உரிமம் எடுக்கவில்லை. இந்த இழையைப் படிக்கப் படிக்க ஒரு ஐயம் எழுகிறது. இவ்வளவு இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டிய 40 மீட்டரில் நுழைவதைவிட, கையடக்கக் கருவியோடு செயற்கைக்கோள் வழியாகத் தொடங்குவது எனக்கு எளிதாக இருக்குமா? விடுதியில் இருப்பதால் கம்பி கட்ட இடமும் கிடையாது.


#10 பொருநை_அலை (பாளையங்கோட்டை)

தங்கைக்கு: விடுதியில் இருப்பவருக்கு நீங்கள் சொல்வதே நல்ல தொடக்கம். 430 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வீட்டு அடாப்டர்களின் தொல்லை பெரிதும் குறைந்துவிடுகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் இயங்கும் நாட்களில் 437.800-ல் கேட்கலாம். நிலையம் நெருங்கி வரும்போது அலைவெண் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேலேயும், விலகும்போது அதே அளவு கீழேயும் நகரும் என்பதால் கூடவே திருப்பிக்கொண்டு போக வேண்டும். ஒரு கடப்பு பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 சுமந்து சென்ற, 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட் என்ற அமெச்சூர் வானொலிச் செயற்கைக்கோள் இப்போது இயங்கவில்லை. 2014 வரை வேலை செய்தது. அதன் காலத்தில் இந்தப் பொழுதுபோக்கில் இல்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. உரிமத் தேர்வுக்கு 12 வயது நிறைந்திருந்தால் போதும், விண்ணப்பம் அரசின் சரள் சஞ்சார் இணையதளம் வழியாக. கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு மோர்ஸ் இல்லை. மின்னணுவியல் அடிப்படையும் விதிமுறைகளும்தான். உரிமம் வரும்வரை கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி என் நிலவரம். அடாப்டர்களை மாற்றிவிட்டேன், எல்.இ.டி. விளக்கைக் கழற்றி நல்ல தயாரிப்பு ஒன்றைப் போட்டேன். அடுத்த வீட்டு இன்வெர்ட்டரை ஒன்றும் செய்ய முடியாது என்பதால் ஆன்டெனாவையே அதைவிட்டு விலக்கிவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. அதன் உரிமையாளர், நான் சொன்ன விளக்கம் எதையும் கேட்காமல், மாங்காய் பறிக்க இடைஞ்சல் இல்லாமல் இருந்தால் சரி என்று சொல்லிவிட்டார். அங்குள்ள வேம்புக்கும் தென்னைக்கும் நடுவில் இப்போது டைபோல் தொங்குகிறது. ஆர்.ஜி.58 கேபிள் 25 மீட்டர் கூடுதலாகப் போனது. 7 மெகாஹெர்ட்ஸில் அதனால் இழப்பது ஏறத்தாழ ஒரு டெசிபெல்தான். ஊட்டுமுனையில் ஃபெரைட் வளையத்தில் கேபிளைச் சுற்றி ஒரு சோக் வைத்தேன். கேபிளின் வெளியுறை வழியாக வீட்டு இரைச்சல் ஆன்டெனாவுக்கு ஏறுவதை அது தடுக்கிறது. மெயின் எல்லாம் போட்டிருக்கும்போதே மீட்டர் இப்போது 90 காட்டுகிறது. முன்பு 400.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். முன்பு நான் அழைத்துப் பதில் வரவில்லை என்று நினைத்த நிலையங்களில் சில, பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. காசர்கோட்டைச் சேர்ந்த ஒரு பெரியவர், உங்களை முன்பே பலமுறை அழைத்தேன், நீங்கள் கவனிக்காமல் மறுபடி பொது அழைப்பு விடுத்துக்கொண்டே இருந்தீர்கள், கோபமோ என்று நினைத்தேன் என்றார். யாழ்ப்பாணத்து நண்பரோடும் பேசிவிட்டேன், 5-7 கொடுத்தார் (தெளிவு 5, வலு எஸ் 7).

சேலத்து நண்பரை இன்னும் என்னால் எட்ட முடியவில்லை. எனவே அவர் வாதம் அப்படியே நிற்கிறது.


#11 சேர்வராயன் (சேலம்)

நிற்கிறது என்று சொன்னதற்கு நன்றி. உங்கள் அலையை ஒருநாள் காலையில் கேட்டேன். ஒருவர் பேசுகிறார் என்பதுவரை தெரிந்தது, யார் என்று தெரியவில்லை. மின்தடை நாளில் முயல்வோம் என்றால் எங்கள் ஊர் அட்டவணையும் உங்கள் ஊர் அட்டவணையும் ஒத்துவர வேண்டும். என்னிடம் ஐ.ஆர்.எஃப். வகை மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களில் கட்டிய பழைய பெருக்கிப் பலகை ஒன்று சும்மா கிடக்கிறது. அலைவெண்ணின் மடங்குகளில் கூடவே எழும் ஒத்திசை அலைகளை வடிகட்டும் தாழ்நிலை வடிகட்டியைச் சேர்க்காமல் ஆன்டெனாவில் இணைக்கமாட்டேன் என்று உறுதி கொடுத்தால் பேருந்து பார்சலில் அனுப்பிவைக்கிறேன்.


#12 லயன்_ஊர் (சிங்கப்பூர்)

எஃப்.டி.8-இல் பேச்சு முடிந்துவிடுகிறது என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் என் சன்னலிலிருந்து பேச்சு தொடங்குவதே இல்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். மோர்ஸ் பற்றி மூத்தவர் சொன்ன 11 டெசிபெல் கணக்கு எனக்குப் புதிது. வளைய ஆன்டெனா மிகக் குறுகிய அகலத்தில்தான் ஒத்திசையும் என்பதால் எனக்கும் அது பொருந்திவரும்போல் இருக்கிறது. எங்கே தொடங்குவது?


#13 நொய்யல்_மூத்தோன் (கோயம்புத்தூர்)

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். தேர்வு வேகம் 8 சொல் என்பதற்காக 8 சொல் வேகத்தில் எழுத்துகளைக் கேட்டுப் பழக வேண்டாம். அந்த வேகத்தில் ஒரு புள்ளி 150 மில்லிவிநாடி நீளும். காது புள்ளியையும் கோட்டையும் எண்ணத் தொடங்கிவிடும். எண்ணிப் பழகியவர்கள் பத்துச் சொல்லுக்கு மேல் போக முடியாமல் திண்டாடுவார்கள். எழுத்தை மட்டும் 18 அல்லது 20 சொல் வேகத்தில் ஒலிக்கவிட்டு, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளியை நீட்டுங்கள். கே என்பது டா-டி-டா என்ற ஒரே ஓசையாகக் காதில் விழ வேண்டும். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் கோக் முறையில் முதலில் கே, எம் இரண்டு மட்டும். பத்தில் ஒன்பது சரியாக வந்த பிறகே மூன்றாவது எழுத்து. நாளுக்குக் கால்மணி நேரம், ஒருநாளும் விடாமல்.

அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள். படத்தில் பார்த்துப் படித்தவர் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். கேட்டதைக் காகிதத்தில் எழுதப் பழகுங்கள், தட்டச்சு வேண்டாம், தேர்வில் பேனாதான். ஓர் எழுத்து தவறினால் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். தவறியதை நினைத்துக்கொண்டிருந்தால் பின்னால் வரும் நான்கும் போய்விடும். அனுப்புவதற்கு, கையால் அழுத்தித் தட்டும் நேர்ச்சாவி வாங்குங்கள், மின்னணுச் சாவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.


#14 பண்ணைக்கடல் (யாழ்ப்பாணம்)

கணினி தரும் ஓசையில் மட்டும் பழகினால் உண்மையான பேண்டில் தடுமாறுவீர்கள். மங்கலும் இடி இரைச்சலும் கணினியில் இல்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் 40 மீட்டரில் 8 சொல் வேகத்தில் கால்மணி நேரம் அனுப்புகிறேன். நமக்கு நேரமும் ஒன்றுதான். நீங்கள் எழுதிக்கொண்டு, முடிந்ததும் சற்று மேலே வந்து குரலில் திருப்பிச் சொல்லுங்கள், நான் சரிபார்க்கிறேன். அலைவெண்ணை அன்று காலை இதே இழையில் இடுகிறேன், அங்கே வேறு யாராவது இருந்தால் நகர வேண்டிவரும்.


#15 பொருநை_அலை (பாளையங்கோட்டை)

நன்றி. ஞாயிறு எட்டு மணிக்கு இருப்பேன். பொது நிலைத் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டேன், தேதி இன்னும் வரவில்லை.

சேலத்து நண்பருக்கு: பலகையை அனுப்புங்கள். தாழ்நிலை வடிகட்டியை முதலில் கட்டி, ஆன்டெனாவுக்குப் பதில் மின்தடையாலான செயற்கைச் சுமையில் அளந்து, இரண்டாம் ஒத்திசை எவ்வளவு அடங்கியிருக்கிறது என்ற எண்ணை இங்கே போட்ட பிறகுதான் ஆன்டெனாவில் இணைப்பேன். அதுவரை உங்கள் ஊர் பராமரிப்பு நாள் தெரிந்தால் சொல்லுங்கள். எங்களுக்கு அடுத்தது இரண்டாம் சனிக்கிழமை என்று தெருமுனையில் பேசிக்கொள்கிறார்கள்.